களிச் சட்டியில் உரித்த ஓடுகள்

அந்தக் கூரை சரியாக வந்தால்தான் என் மனைவி வீடு திரும்புவாள் என்ற நிலைமை எனக்கு. சிரிக்க வேண்டாம். ஓசூர்ப் பள்ளியில் அப்போது நான் தற்காலிக டிராயிங் மாஸ்டர். "வேல நிலையாகட்டும் மாப்பிள்ள, அப்புறமா அனுப்பி வெக்கறேன்" என்று மாமனார் மகளைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போய் மாதங்கள் ஆகிவிட்டன. பள்ளிக் கண்காட்சிக்கு வரும் அதிகாரி என் கைவேலையை மெச்சினால் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார்.

யாரோ கொடுத்த, சாவி முடுக்கினால் ஓடும் பொம்மை ரயில் ஒன்று பள்ளியில் இருந்தது. அதற்கொரு ஸ்டேஷன் கட்டினேன். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பின் பாழடைந்து நின்ற எங்கள் ஊர் ஸ்டேஷன்தான் மாதிரி. அட்டையில் சுவர் எழும்பிவிட்டது. கூரையில் போடும் வளைந்த நாட்டு ஓடுதான் என் உயிரை வாங்கியது. களிமண்ணில் நக அளவுக்கு ஓடு செய்தால் காய்ந்ததும் வெடித்தது. அட்டையை வளைத்தால் வர்ணம் பட்டதும் நிமிர்ந்துகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கழுவாமல் போட்டிருந்த ராகிக் களிச் சட்டி கண்ணில் பட்டது. உள்ளே ஒட்டிய களி காய்ந்து, பொருக்குப் பொருக்காய் உரிந்து சுருண்டிருந்தது. அதே வளைவு, பழைய ஓட்டின் அதே நிறம். அன்றிலிருந்து வேளாவேளைக்குக் களிதான் கிண்டித் தின்றேன். பொருக்கைக் கத்தரித்து, ராகிக் கூழையே பசையாகத் தடவி, வரிசை வரிசையாக ஒட்டினேன். தின்கிற பண்டத்தால் கூரை போடுகிறோம் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கண்காட்சியன்று காலையில் பார்த்தால் கூரை நகர்ந்துகொண்டிருந்தது. அத்தனையும் எறும்பு. ஊதினேன், தட்டினேன், எறும்புகளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அதற்குள் அதிகாரி வந்து, குனிந்து, விரலை வைத்துக் கடி வாங்கினார். "என்னய்யா இது, ஸ்டேஷனா, எறும்புப் புத்தா?" என்றார். தலைமை ஆசிரியர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் தொலைந்தேன் என்று தெரிந்துவிட்டது.

முடிவு தெரிந்துகொள்ள மகளோடு வந்திருந்த மாமனார், "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, கெளம்பு" என்றார். அவள் நகரவில்லை. எறும்பு அரித்த கூரையிலிருந்து ஒரு பொருக்கைப் பெயர்த்து முகர்ந்து பார்த்தாள்.

"இது களிதான? இத்தனையும் நம்ம சட்டியில உரிச்சதா?"

"ஆமா."

"தொட்டுக்க என்ன வெச்சுக்கிட்டீங்க?"

"உப்பு."

அவள் தன் அப்பாவிடம் திரும்பி, "நீ போப்பா" என்றாள்.