பூட்டனாரின் கொப்பியில் படித்த மூன்று வரிகள்

என்னோடு வேலை செய்யும் இங்கிரிட் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பழைய கொப்பி ஒன்றைக் காட்டினாள். இங்கே நோர்வேயிலிருந்து அமெரிக்கப் புல்வெளிக்குக் குடியேறிய அவளுடைய பூட்டனார் எழுதியது. மண்கட்டிகளால் வீடு கட்டியது, வெட்டுக்கிளி பயிரைத் தின்றது என்று வாசித்துக்கொண்டே போனவள், ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

"கடையில் என் மனைவி பேசிய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அவள் கடைக்கு வரவேயில்லை."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். போன மாதம் நாங்கள் இருக்கும் ரொம்சோஸ் பகுதிக் கடையில் அம்மா நோர்வேஜிய மொழியில் பாணும் வெண்ணெயும் கேட்டபோது, "பேசாம நில்லுங்கோ, நான் கதைக்கிறன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். அன்றிலிருந்து அம்மா முழங்கால் வலி என்று சொல்லி வெளியே வருவதில்லை. நானும் அதை நம்பியிருந்தேன்.

வேலை முடிந்ததும் நேரே அம்மாவிடம் போய், கொப்பியில் இருந்ததைச் சொன்னேன். "நானும் பிழை விட்டிட்டன், அம்மா."

அம்மா, "அந்த மனிசி பிறகு கதைக்கவே இல்லையோ?" என்று கேட்டார்.

"அதைப்பற்றி அவர் எழுதேல்லை."

"பாவம்" என்றபடி அம்மா குளிர்ச்சட்டையை எடுத்தார். "வா, கடை பூட்ட முதல் போவம்."

அன்றும் அம்மா பிழை பிழையாகத்தான் கேட்டார். கடைக்காரப் பெண்ணுக்கு நன்றாகவே விளங்கியது. அம்மா கதைப்பது ஒருவருக்கும் விளங்காது என்று இத்தனை வருடமாக நினைத்தவள் நான் ஒருத்திதான்.