காப்பு மாறிய கை

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம். கொட்டாம்பட்டிப் பக்கம் என் தங்கையைக் கட்டிக்கொடுத்த கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. நான் மதுரையில் டயர் கடை வைத்திருப்பவன். திருவிழாவுக்குப் போவதே கறி விருந்துக்குத்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பொய் இல்லை.

தங்கையின் கணவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன என்று முந்தைய வருடம்தான் கண்டுபிடித்திருந்தார்கள். டெங்கு வந்தால் அவை குறையும் என்பது வரைதான் எங்களுக்குத் தெரியும். கூடினாலும் ஆபத்து என்று அன்றுதான் கேள்விப்பட்டோம். அணுக்களைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. நோய் அடங்கினால் கன்னத்தில் அலகு குத்துவதாக அவர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அணுக்கள் குறைந்தன. காப்புக் கட்டி விரதமும் இருந்தார்.

அலகு குத்தும்போது பின்னால் நின்று பிடித்துக்கொள்வது மச்சானான என் வேலை. மாப்பிள்ளை கண்மாயில் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றார். காலை வெயில் ஏறவேயில்லை, ஆனால் அவர் முதுகு வியர்வையில் வழுக்கியது. திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழங்கால் மடங்கினார். உறுமி மேளம் உச்சத்துக்குப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள். "சாமி வந்துருச்சு, சாமி வந்துருச்சு" என்று விபூதியை வீசினார்கள். வேலோடு ஒருவர் நெருங்கினார்.

மாப்பிள்ளையின் உதடு அசைவது தெரிந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"சாமி இல்ல மச்சான். நெஞ்சு வலிக்குது."

அவரைத் தூக்கிக்கொண்டு என் காரை நோக்கி நடந்தேன். நாலைந்து பெரியவர்கள் மறித்தார்கள். காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தெய்வக் குற்றமாகிவிடும் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, உண்மையாகவே பயந்தார்கள். "செத்த நேரம் படுக்க வைங்கப்பா, சரியாயிரும்" என்றார் ஒருவர். எனக்கு அவர்களைத் தள்ளிவிடலாம் போலிருந்தது. கையில்தான் ஆள் இருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தங்கை வந்தாள். கணவர் கையிலிருந்த காப்பை அவிழ்த்துத் தன் கையில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"காப்பு இப்ப என் கையில இருக்கு. நான் எல்லையத் தாண்டல. அண்ணே, நீ வண்டிய எடு."

அப்படி மாற்றிக் கட்டலாமா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் வேப்பிலையை ஆட்டி, "போங்கப்பா" என்றார்.

எல்லைக்கல் வரை தங்கை காரோடு ஓடி வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். கண்ணாடியில் அவள் சிறிதாவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். இந்த வயதிலா என்று கேட்டேன். தட்டணுக்கள் கூடியவர்களுக்கு ரத்தம் கட்டிக்கொண்டு எந்த வயதிலும் அடைக்கலாம், அதற்குத்தானே மாத்திரை என்றார் டாக்டர். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாப்பிள்ளை கண் விழித்ததும் டாக்டர் அவரிடம் மாத்திரை பற்றிக் கேட்டார்.

"அலகு குத்தையில ரத்தம் வந்தா விரதத்துல குறைன்னு பேசுவாக சார். அதான் காப்புக் கட்டுன அன்னைக்கிருந்து ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய மட்டும் நிறுத்திட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நோய் அடங்கிய நன்றிக்காக நோய்க்கான மருந்தை நிறுத்தியவரை என்ன சொல்லித் திட்டுவது? டாக்டரும் திட்டவில்லை. அடுத்த முறை சாமிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க என்றார்.

ஊரில் காப்பு அவிழ்க்கும் வரை தங்கை வரவில்லை. போனை எடுத்ததும் அழுவாள், பிறகு சாப்பிட்டாரா என்பாள். திருவிழா முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து, மஞ்சள் படிந்த கையைக் கணவர் நெஞ்சில் வைத்தாள்.

இப்போது டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அலகுக்குப் பதிலாகப் பால்குடம் எடுக்கிறார், மாத்திரை அட்டை வேட்டி மடிப்பில் இருக்கிறது. நானும் தவறாமல் போகிறேன், கறி விருந்துக்குத்தான். ஆனால் உறுமிச் சத்தத்தில் யாராவது மடங்கி விழுந்தால், கையெடுத்துக் கும்பிடும் முன் அவர் வாயருகே காதைக் கொண்டுபோகிறேன்.