ஜெயபாரதியின் இடப்பக்கக் கருக்குழாய்

சுப்பாத்தாளுக்குக் கருக்குழாயைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதை அறுத்தால் பிள்ளை பிறக்காது. இந்த ஒரு விஷயத்தில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு பிள்ளை போதும் என்று அரசாங்கம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தெருப் பெண்களைத் திரட்டிப் பஸ் ஏற்றி, குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் முடிந்ததும் ஆளுக்கொரு காபி வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்தவர் அவர். அப்படிப்பட்டவரின் மருமகளிடம், "பிள்ளை வேணும்னா ஒரு பக்கத்துக் குழாயை எடுக்கோணும்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அந்த வீடு என்ன பாடுபடும்?

பட்ட பாட்டைச் சொல்வதற்கு முன்னால் மருமகள் ஜெயபாரதியின் வயிற்றுவலியைச் சொல்லவேண்டும். எல்லாம் அதில்தான் ஆரம்பம்.

அந்த வலி அவள் வயதுக்கு வந்த வருஷமே வந்தது. இடுப்பைப் பிடித்து, தொடைக்கு இறங்கி, மாதாமாதம் நாலைந்து நாள் ஆளைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகும். அம்மாவிடம் சொன்னாள். "எல்லாப் பொம்பளைகளுக்கும் இருக்கறதுதான் கண்ணு. கல்யாணமானாச் செரியாப் போயிரும்" என்றாள் அம்மா. சிவபிரகாஷுடன் கல்யாணமும் ஆயிற்று. வலி தாலிக்கெல்லாம் மரியாதை கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் சொன்னாள். "ஒரு கொழந்தை பொறந்துட்டாச் செரியாப் போயிருமுங்க" என்றார்கள். ஆக, நோய்க்கு மருந்து பிள்ளை; அந்தப் பிள்ளையை வரவிடாமல் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே அந்த நோய்தான். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஜெயபாரதிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்கவேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். அந்த நாட்களில் நிற்க முடியாதவர்களுக்குக் கம்பெனியில் ஒரு வைத்தியம் இருந்தது: சூப்பர்வைசரின் மேசை டிராயரில் கிடக்கும், பேர் ஊர் தெரியாத வெள்ளை மாத்திரை. தலைவலிக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான், ஜெயபாரதிக்கும் அதுதான். அதை விழுங்கிவிட்டு ஒன்றரை ஷிப்ட் பார்ப்பாள். துணியில் ஊசிமுனை ஓட்டையைக்கூட விடாத கண்கள் அந்த ஹாலில் வரிசையாக நின்றன. பக்கத்தில் நிற்பவள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது ஒரு கண்ணுக்கும் தென்படவில்லை.

கல்யாணமாகி ஆறாவது வருஷம், ஒரு லேபில் கர்ப்பப்பைக்குள் சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள். "ஊரெல்லாம் சாயப்பட்டறை போட்டது பத்தாதாக்கும்" என்றார் சுப்பாத்தாள். வலப்பக்கக் குழாய் திறந்திருக்கிறது, இடப்பக்கம் அடைப்பு போலத் தெரிகிறது என்று முடிவு வந்தது. வீட்டில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுப்பாத்தாள் சிவன்மலைக்குப் போய் முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டே வந்தார். அன்று முதல் குற்றம் குழாயை விட்டு நீங்கி ஜெயபாரதியின் மனசின்மேல் ஏறிக்கொண்டது. "வழிதான் தொறந்து கெடக்குதே! மனசுல என்னத்தையாச்சும் போட்டு ஒழப்பிக்கிட்டு இருப்பாளா இருக்கும்" என்று சுப்பாத்தாளிலிருந்து வருகிறவர் போகிறவர் வரைக்கும் எல்லாரும் சொன்னார்கள். ஒருகட்டத்தில் ஜெயபாரதிக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மனசைத் திருப்பிப் போட்டுச் செக்கிங் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

பக்கத்து டேபிள் பாண்டியம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. வாயில் வடிகட்டி கிடையாது. ஒருநாள் ஜெயபாரதி வேஸ்ட் துணி மூட்டைமேல் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது மாத்திரைக்கு அடங்குற வலியா? எந்தங்கச்சி இப்பிடித்தான் சுருண்டு சுருண்டு கெடந்தா. எந்திரி. நாளைக்கு லீவைப் போடு" என்றாள்.

"லீவு தரமாட்டாங்கக்கா."

"தரலேன்னா அந்த மாத்திரையை டிராயரோட தூக்கிட்டுப் போயி, எந்தங்கச்சியைப் பார்த்த டாக்டரம்மாகிட்டக் காட்டுவேன். சொல்லு, போயி நான் கேக்கவா?"

லீவு கிடைத்தது. பாண்டியம்மாளின் அந்த வாய்க்கு ஜெயபாரதி மனசுக்குள் இன்றைக்கும் கும்பிடு போடுகிறாள். அந்த வாயால் தினமும் ஏதாவது திட்டு வாங்குகிறாள் என்பது தனிக்கதை.

பாண்டியம்மாள் சொன்ன அந்த டாக்டர் அனுப்ரியா, அடைப்பா திறப்பா என்று ஆரம்பிக்கவில்லை. "வலிக்குமாங்க?" என்றார். "எங்க வலிக்கும்? எப்பருந்து? ரெண்டு பேரும் சேர்றப்ப வலிக்குதா? வெளிக்குப் போறப்ப?" இப்படி ஒருவர் தன்னிடம் கேட்கக்கூடும் என்பதே ஜெயபாரதிக்குத் தெரியாது. பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது, அதையும் காத்திருக்கவிட்டார்.

ஸ்கேனும் எடுத்து, வேறொரு நாள் வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவும் விட்டுப் பார்த்தபின் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கர்ப்பப்பைக்கு உள்ளே வளரவேண்டிய சவ்வு மாதிரியே ஒன்று வெளியிலும் வளர்ந்திருந்தது. மாதாமாதம் அதுவும் கசிந்து, புண்ணாகி, ஆறி, பசை போட்டது மாதிரி உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

அந்தப் பெயரை ஜெயபாரதி சிவபிரகாஷோடு ஆட்டோவில் திரும்பும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நீளமான பெயருள்ள ஒன்றை இனி எவரும் "சும்மா வலிதானே" என்று சொல்லிவிட முடியாது.

சந்தோஷம் வீட்டு வாசல் வரைக்கும் இருந்தது. உள்ளே போய் சிவபிரகாஷ், "இடப்பக்கத்துக் கொழாயை எடுக்கோணுமாம்மா. அப்புறம் வெளிய வெச்சுக் கருவை உண்டாக்கி உள்ள வைக்கறாங்களாம்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

சுப்பாத்தாள் அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தார். "பிள்ளை வேணும்னா கொழாயை எடுக்கறதா? ஏன்டா, இந்தக் கையால எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயி அறுத்துக் கொண்டாந்திருக்கறேன்! ஒருத்திக்காச்சும் அதுக்கு அப்பறம் பொறந்துச்சா? எங்கிட்டயே கதை உடறீங்களா? குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் புதுப்பேரு வெச்சுட்டு வந்துட்டாங்க!"

"அது வேறீங்கத்தை..." என்றாள் ஜெயபாரதி.

"கொழாயில என்ன வேறு? மிச்சமிருக்கற இன்னொரு கொழாயும் ஒட்டிக் கெடக்குதுங்கற. இதையும் எடுத்துப்போட்டா என்ன இருக்குது உனக்கு?"

அந்தக் கேள்விதான் ஜெயபாரதியைத் தூங்கவிடவில்லை. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைத்துத் தைக்க முடியாது. எடுக்காவிட்டால் இந்த வலியோடும் வெறும் வயிற்றோடும் இப்படியே போகும். சிவபிரகாஷ் நல்லவன். அம்மா சொல்வதிலும் நியாயம் இருப்பதாகச் சொன்னான். டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகச் சொன்னான். கடைசியில், "ரெண்டு மாசம் பொறுத்துப் பார்க்கலாமே ஜெயா" என்றான்.

"பொறுக்கறது நானுங்க மாமா" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க பார்க்கறவங்க."

 மறுநாள் சுப்பாத்தாளே கிளம்பிவிட்டார். "என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்த டாக்டர்ப் பொண்ணை நானே கேக்கறேன்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுப்பாத்தாள் டாக்டரைக் கேட்டார்: "ஏங்கண்ணு, தொறந்திருக்கற கொழாயில ஏன் தங்கலீங்க?"

"ஊட்டுக் கதவு தொறந்திருந்தாப் போதுங்களாம்மா? உள்ள வேலை நடக்கோணுமில்லீங்க? கொழாய் வெறும் பைப் இல்லீங்க. கை மாதிரி. நுனியில வெரல் வெரலா இருக்கும். முட்டை வெடிச்சு வர்றப்ப அந்தக் கை வளைஞ்சு போயித் தடவி எடுத்துக்கோணும். உள்ள பூனைமயிர் மாதிரி இருந்து மெதுவா நகர்த்திக் கொண்டுபோகும். உங்க மருமகளுக்கு அந்தக் கை கர்ப்பப்பைக்குப் பின்னாடி ஒட்டிக் கெடக்குது. தொறந்துதான் இருக்குது. எட்டமாட்டேங்குது."

"செரி. அந்த இன்னொண்ணு?"

"அது நுனி மூடிப்போயி, உள்ள தண்ணி கோத்து வீங்கிக் கெடக்குதுங்க. கெட்ட தண்ணி. வெளிய போக வழியில்லாம கர்ப்பப்பைக்குள்ள கசியுது. நாம கருவைக் கொண்டுபோயி வெச்சாலும் அந்தத் தண்ணியில நிக்காதுங்க. நீங்க அன்னைக்கு அறுத்தது நல்ல கொழாய்ங்க. பிள்ளை வேண்டாம்னு அறுத்தது. இது கெட்டுப்போனது. பிள்ளை தங்கோணும்னு எடுக்கறது."

சுப்பாத்தாள் மேசையில் இருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையின் குழாயை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்கண்ணன் தோட்டத்துக் கெணத்துல இப்படித்தான் சாயத்தண்ணி எறங்குச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல். "தெரியாம வெதைச்சு வெதைச்சுப் பார்த்தான். ஒண்ணும் மொளைக்கல. வெதை சொத்தைன்னு கடைக்காரன் சட்டையப் புடிச்சுட்டான். வெதை மேல என்ன தப்பு? பாவம் அந்தக் கடைக்காரன்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். அவளுடைய மனசின்மேல் பழி போட்டதெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவள் தோளில் கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்தார். கடைசியில் டாக்டரிடம், "எடுத்துப்போடுங்க சாமி. ஒரு சொட்டு வெக்காம எடுங்க" என்றார்.

ஆபரேஷன் முடிந்து, எடுத்ததை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டியபோது சிவபிரகாஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சுப்பாத்தாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிஞ்சுப் பாகற்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "இதை வயித்துல வெச்சுக்கிட்டா இவ ஒன்றரை ஷிப்ட் நின்னா?" என்றார் நர்ஸிடம். 

ஒட்டிக் கிடந்தவற்றையும் முடிந்தவரை பிரித்துவிட்டிருந்தார் டாக்டர். அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன், திரும்பவும் வரலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அதற்கும் ஜெயபாரதிக்கு நன்றிதான். அடுத்த மாதவிலக்கின்போது வலி வருமென்று பயந்துகொண்டே செக்கிங் டேபிளில் நின்றாள். லேசாக எட்டிப் பார்த்தது, உட்காரவில்லை. அன்று சாயங்காலம் கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். மற்ற பெண்கள் அந்த நாட்களில் இப்படித்தான் வீட்டுக்குப் போகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

முதல் தடவை வைத்த கரு நிற்கவில்லை. சுப்பாத்தாள் யார் மனசையும் குறை சொல்லவில்லை. ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். இரண்டாம் தடவை ரத்தப் பரிசோதனையில் நல்ல சேதி வந்தது. ஆனாலும் டாக்டர் முகத்தில் முழுச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட குழாய் உள்ளவர்களுக்குக் கரு சில சமயம் இடம் மாறிக் குழாயிலேயே உட்கார்ந்துவிடும். ஸ்கேன் பார்த்தபிறகுதான் எதையும் சொல்லமுடியும் என்றார்.

அந்த ஸ்கேனுக்குச் சுப்பாத்தாளும் உள்ளே வந்துவிட்டார். போகச் சொல்லிப் பார்த்தார்கள். காது கேட்காதவர் போல நின்றார். ஜெயபாரதியின் வயிற்றில் ஜில்லென்ற களிம்பு. திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ நகர்ந்தன. டாக்டர் கருவியை இடப்பக்கம் கொண்டுபோனார், வலப்பக்கம் கொண்டுபோனார், அழுத்தினார், நின்றார்.

"எந்தப் பக்கமுங்க புடிச்சிருக்குது?" சுப்பாத்தாளால் அடக்கமுடியவில்லை.

"எந்தப் பக்கமும் இல்லீங்க" என்றார் டாக்டர். இப்போது முகம் முழுக்கச் சிரிப்பு. "நட்டநடுவுல இருக்குது. எங்க இருக்கோணுமோ அங்கயே."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சுப்பாத்தாள் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டதாக சிவபிரகாஷ் பிறகு சொன்னான். ஜெயபாரதிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கியது.

"சிரிக்காதீங்க ஜெயபாரதி, படம் ஆடுது" என்றார் டாக்டர்.

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. படம் ஆடிக்கொண்டே இருந்தது.