மொட்டை மாடிச் சாவியும் பிளஸ் டூ இங்கிலீஷும்

நான் மார்ஜின் போடுவதில் கெட்டிக்காரி. ஸ்கேலை அழுத்திப் பிடித்து பென்சிலை ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு அச்சடித்தது போல விழும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் இங்கிலீஷ் பேப்பர் முழுக்க அப்படி மார்ஜின் போட்டேன். கேள்வி எண்ணை மார்ஜினுக்கு வெளியே முத்து முத்தாக எழுதினேன். ஒரு மார்க் கேள்விகள் வரை பேனா ஓடியது. அதற்குப் பிறகு பெரிய கேள்விகள் வந்தன, பேனா நின்றுவிட்டது. மணி அடிக்கும் வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் மக்கு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கும் பிசிக்ஸும் எனக்கு நன்றாகவே வரும். இங்கிலீஷைப் படித்தால் புரியும், பேசினால் சமாளிப்பேன். எழுதத்தான் வராது, அதுவும் சொந்தமாக. அம்பத்தூரில் நான் படித்த பள்ளியில் சொந்தமாக எழுது என்று யாரும் கேட்டதும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே கைடில் இருக்கும் கட்டுரையை நெட்டுருப் போடுவதுதான் வழக்கம். நூலகத்தின் பயன், மரம் வளர்ப்போம், செல்போன் நல்லதா கெட்டதா என்று எல்லாமே மனப்பாடம். காலையில் பிரேயருக்கு முன்னால் நாங்கள் கூட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்போம். வழியில் போகிறவர்கள் ஏதோ பஜனை நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த மனப்பாடம் காலாண்டுத் தேர்வில் காலை வாரிவிட்டது. கட்டுரையின் மூன்றாவது வரி மறந்துபோனது. நெட்டுருவில் இது ஒரு பெரிய தொல்லை, ஒரு வரி போனால் அதற்குப் பின்னால் இருப்பதும் சேர்ந்து போய்விடும். சரி, சொந்தமாக ஒரு வரியைப் போட்டு ஒப்பேற்றுவோம் என்று எழுதினேன். கைடு வரிக்குப் பக்கத்தில் என் வரி, கல்யாண வீட்டுக்கு நைட்டியில் வந்தவள் போல நின்றது. அடித்தேன். வேறொன்று எழுதினேன், அதையும் அடித்தேன். பக்கம் முழுக்க அடித்தல் ஆனதும் எனக்குக் கையெல்லாம் வியர்த்துவிட்டது.

கைடு எழுதியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கோட்டு போட்டவர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாகரிகம் தோன்றிய நாள் முதலாக என்றுதான் அவர் எதையும் தொடங்குவார். பிளாஸ்டிக் பைக்கும் அதே தொடக்கம், சாலை விதிக்கும் அதே தொடக்கம். காலாண்டுக்குப் பிறகு நான் பேனாவை எடுத்தாலே அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, 'இதெல்லாம் ஒரு வரியா' என்று கேட்க ஆரம்பித்தார். முதல் வரியே எழுத விடமாட்டார்.

கட்டுரையோடு போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். கட்டுரையில் பிடித்த பீடை கடிதத்துக்குப் பரவி, அங்கிருந்து பாடத்தின் நெடுவினாவுக்கும் பரவியது. அரையாண்டில் இங்கிலீஷில் ஃபெயில். என் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயில் ஆனவள் நான் ஒருத்திதான். கட்-ஆஃபுக்கு இங்கிலீஷ் மார்க் வேண்டாம் என்று தோழிகள் ஆறுதல் சொன்னார்கள். பாஸாக வேண்டும் அல்லவா? பப்ளிக்கில் இங்கிலீஷ் போனால் கணக்கில் சென்டம் வாங்கி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மற்றவர்கள் எல்லாரும் காலேஜுக்குப் போக, நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல நினைத்து நினைத்து ராத்திரித் தூக்கம் போனது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அப்பா, ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். "ஏட்டி, ரெண்டு வரியாவது எழுதலாம்லா?" அவர் திருநெல்வேலிப் பக்கம், கோபப்பட்டால்கூடக் கொஞ்சுவது போல இருக்கும். இங்கிலீஷ் மிஸ் அப்படி இல்லை. "எதையாவது எழுதி வைம்மா, மார்க் நான் தேடிப் போட்டுக்கறேன்" என்று வகுப்பில் வைத்தே சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த எதையாவதுதான் வரவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?

இதற்கு நடுவில் வீட்டில் எனக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு நாங்கள் மாறி வந்திருந்தோம். அங்கே பாதிப் பேர் ஐடி வேலை, தெலுங்குக்காரர்களும் மலையாளிகளும் உண்டு. அதனால் ஃப்ளாட்டுக்கென்று போனில் இருந்த குரூப்பில் எல்லாம் இங்கிலீஷ்தான். அசோசியேஷன் செகரட்டரி வேலைக்கு யாரும் முன்வராதபோது, 'பகலில் வீட்டில் இருப்பது நீங்கள்தானே' என்று அம்மாவின் தலையில் கட்டிவிட்டார்கள். அம்மா இங்கேயே அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவள். வாய்க்குப் பஞ்சமில்லை, இங்கிலீஷ்தான் இல்லை. அதனால் அம்மா அடுப்படியிலிருந்து தமிழில் சொல்வாள், நான் ஹாலில் உட்கார்ந்து அம்மா போனில் இங்கிலீஷில் தட்டுவேன். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் நின்றது என்று தினமும் ஏதாவது இருக்கும். அதை இங்கிலீஷ் எழுதுவது என்றே நான் நினைத்ததில்லை, பாத்திரம் துலக்குவது போல ஒரு வேலை.

அந்த வருஷம் பொங்கல் நெருங்கியும் மழை விடவில்லை. எல்லார் வீட்டிலும் ஹாலுக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி தொங்கியது. என் யூனிஃபார்ம் மூன்றாவது நாளும் ஈரமாகவே இருந்தது, அயர்ன் பண்ணித்தான் காய வைத்தோம். ஒரு சனிக்கிழமை ஒருவழியாக வெயில் வந்தது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவும் மொட்டை மாடிக்குப் போனால் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. மேல்மாடி அங்கிள் அங்கே தொட்டிச் செடி வைத்து வளர்த்து வந்தார். துணி காயப்போடுகிறவர்கள் இடித்துத் தொட்டி உடைகிறது என்று பூட்டிவிட்டார். நாங்கள் கீழே இறங்கி வருவதற்குள் குரூப்பில் நீளமாக ஒரு செய்தியும் போட்டிருந்தார்.

படித்ததும் எனக்கு பகீர் என்றது. அதே கோட்டு போட்ட இங்கிலீஷ். சமூகத்தின் பரந்த நலனைக் கருத்தில் கொண்டு என்று தொடங்கி, பசுமையின் மேன்மை, கட்டடத்தின் அழகியல் என்று விரல் வலிக்க வலிக்கத் தள்ளினாலும் முடியவில்லை.

"இன்னாடி சொல்றாரு அந்தாளு?" என்று அம்மா கேட்டாள்.

நான் இரண்டாவது தடவை படித்துப் பார்த்தேன். "மாடில துணி காயப்போடாதீங்கன்றாரும்மா."

"அவ்ளோதானா? அதுக்கா இம்மா நீளம்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி தேடினேன். நிஜமாகவே அதில் வேறு ஒன்றுமே இல்லை.

அம்மா பக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "எழுதுடி. சார், உங்க பால்கனில நல்லா வெயிலு கீது. கீழ் ஊட்டுல கீறவங்க எங்க போய் காயப்போடுவாங்க? செடி வெச்சிக்கோங்க, யாரும் வேணாம்னு சொல்லல. அதுக்கு இன்னாத்துக்கு பூட்டு? மாடி எல்லாருக்கும் சொந்தம்." நான் அப்படியே தட்டி அனுப்பினேன். அடுத்த நிமிஷமே அவரிடமிருந்து இன்னொரு நீளமான பதில். துணிகளை வீட்டுக்குள்ளேயே உலர்த்திக்கொள்வதில் என்ன சிரமம் என்று அதில் கேட்டிருந்தார்.

அதற்குள் கீழே தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. கேட் திறந்து சம்ப்புக்கு ஹோஸ் மாட்டுவது செகரட்டரி வேலை. "நீ எதுனா சொல்லிகினு இரு, தோ வந்துட்றேன்" என்று அம்மா ஓடிவிட்டாள்.

என்ன சிரமமாம்! எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நான் எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஹாலில் தொங்கும் சாக்ஸிலிருந்து தொடங்கினேன். ஈர சாக்ஸோடு நாள் பூராவும் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் எப்படி ஊறிப்போகும் என்று எழுதினேன். அப்பாவின் ஃபேக்டரி காக்கிச் சட்டை காயாமல் வீடு முழுக்க ஆயில் நாற்றம் அடிப்பதை எழுதினேன். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதன் துணியை அந்த அக்கா ஃபேன் காற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளைப் போய்க் கேளுங்கள் என்றேன். தொட்டிகளை ஒரு பக்கச் சுவரோரம் வைத்து மறுபக்கம் கொடி கட்டினால் இருவருக்கும் இடம் போதும் என்றேன். உங்கள் ரோஜாவுக்கு வேண்டிய அதே வெயில்தான் எங்களுக்கும் வேண்டும் என்று முடித்து அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் நான் செய்ததையே கவனித்தேன். திரையை மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். பத்தி பத்தியாக நின்றது. கட்டுரைக்குக் கேட்கும் அளவுக்கு மேலேயே இருக்கும். முதல் வரி என்ன என்று நான் யோசிக்கவே இல்லை, கோட்டுக்காரர் பக்கத்தில் வரவும் இல்லை. பாரம் இறங்கியது என்பார்களே, அது உடம்பிலேயே தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஹாலில் தனியாக உட்கார்ந்து பைத்தியம் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சேலையெல்லாம் நனைந்து மேலே வந்தாள். எழுதியதைத் தமிழில் சொன்னேன். "நான் இவ்ளோலாம் சொல்லவே இல்லியே" என்று கொஞ்சம் பயந்தவள், "நல்லாத்தான் கீது" என்றாள். குரூப்பில் ஒவ்வொருவராகக் கட்டைவிரல் போட ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் அங்கிள் பூட்டைக் கழற்றிவிட்டார். தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்த அப்பாவும் கூடப் போய்க் கைகொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று சரியாகிவிட்டது என்றால் அது பொய். திங்கட்கிழமை வகுப்பில் ரிவிஷன் டெஸ்டுக்குத் தாளைக் கொடுத்தவுடன் பழைய வியர்வை வந்தது. ஆனால் இந்தத் தடவை ஒன்று செய்தேன். தலைப்பைப் பார்த்ததும், இதைப் பற்றி நான் யாரிடம் சண்டை போட வேண்டும் என்று என்னையே கேட்டேன். சாலைப் பாதுகாப்பு என்றால் மேம்பாலத்தில் எதிர்த் திசையில் பைக் ஓட்டி வருகிறவன். சுற்றுச்சூழல் என்றால் காலி மனையில் குப்பையைக் கொளுத்துகிறவர்கள். ஆள் கிடைத்துவிட்டால் அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு வரியாக மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், பிறகு தட்டுவது போல இங்கிலீஷில் எழுதுவேன். எனக்குக் கோபத்துக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை, அது இப்படிப் பயன்படும் என்று தெரியாமல் இத்தனை நாள் வீணாக்கிவிட்டேன். ரிவிஷன் தாளில் மிஸ் சிவப்பு மையால் நிறையத் திருத்தியிருந்தார், நடுவில் ஒரு இடத்தில் 'ஏன் இவ்வளவு கோபம்' என்றும் எழுதியிருந்தார். ஆனால் பாஸ் போட்டிருந்தார். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன், அவர் திருத்தத்தை எல்லாம் பார்க்கவே இல்லை, எழுதிய பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

மார்ச் மாதம் பப்ளிக் வந்தது. இங்கிலீஷ் அன்று காலையில் இட்லி இறங்கவில்லை. வீட்டிலும் வகுப்பிலும் சரியாக வந்தது பரீட்சை ஹாலில் வருமா என்று தெரியாது. கேள்வித்தாளைப் படிக்கக் கொடுத்த நேரத்தில் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். தண்ணீர்ச் சேமிப்பைப் பற்றிக் கட்டுரை. கைடில் அதற்கு ஒரு கட்டுரை உண்டு, எனக்குப் பாதி தெரியும். ஒரு கணம் சபலம் தட்டியது. வேண்டாம் என்று தள்ளிவிட்டு மற்ற கேள்விகளை முதலில் முடித்தேன். பிறகு, பெரிய ஏரியின் கரையில் குடியிருந்துகொண்டு குளிக்க லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம் என்று தொடங்கினேன். அதற்கு மேல் கையை நிறுத்த முடியவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது, பாஸ். கணக்கோடு வைத்துப் பார்த்தால் பீற்றிக்கொள்ளும் மார்க் இல்லை, ஆனால் யாரும் குறை சொல்லும் மார்க்கும் இல்லை. அப்பா ஃபேக்டரிக்கு ஸ்வீட் வாங்கிப் போனார். எல்லாரும் என்னைப் பார்த்து நிம்மதிதானே என்றார்கள். உண்மையில் எனக்கு நிம்மதி வந்தது அன்றைக்கு இல்லை, பரீட்சை முடிந்து வெளியே வந்த அந்த மத்தியானமே வந்துவிட்டது.

பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். அம்மா அந்த வெயிலில் குடை பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி? எழுதினியா இல்லியா?"

"டைம் பத்தலம்மா."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "போச்சா?"

"போகலம்மா. எழுதிகினே இருந்தேன், மணி அடிச்சிட்டாங்க. மேடம் பேப்பரப் புடுங்கிகினு போய்ட்டாங்க. இன்னும் சொல்றதுக்கு இருந்துச்சும்மா."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "இதுக்கு ஏண்டி அழுவுற?" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். நான் பாட்டிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் போகும் வழியெல்லாம், எழுத முடியாமல் போன மிச்சத்தை அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.