தங்கச்சியை வகுப்பிலிருந்து கூப்பிட்ட நாள்

அன்றைக்குக் கடையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், என் மனைவி, வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த அம்மா, பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் எங்கள் சிப்ஸ் கடை. கார்த்திகை மாதம், காலை ஏழு மணி. மாலை போட்ட சாமிமார் அருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். சட்டியில் எண்ணெய் காயத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சியின் ஆபீஸ் டிவியில், ஜப்பானில் நிலநடுக்கம் என்று கீழே எழுத்து ஓடியது. நான் அடுப்பை அணைத்தேன்.

என் தங்கச்சி அப்போது ஜப்பானில்தான் இருந்தாள். சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அவள் எம்.ஏ., பி.எட். முடித்தவள். சென்னையில் ஒரு கம்பெனி மூலமாக கம்ப்யூட்டரிலேயே இண்டர்வியூ கொடுத்து, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வந்து அந்த வாரக் கதையைச் சொல்லுவாள். பள்ளிக்குள் நுழைந்ததும் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போடுவதற்கென்றே வைத்திருக்கும் வேறு செருப்பைப் போட வேண்டுமாம். வகுப்பில் அந்த ஊர் டீச்சரும் இவளும் சேர்ந்து நிற்பார்கள். அந்த டீச்சர் கையைக் காட்டினால் இவள் ‘ஆப்பிள்’ என்பாள். முப்பது பிள்ளைகளும் ‘ஆப்பிள்’ என்பார்கள். சில நாள் மூன்று வகுப்புக்கும் இதே வேலைதான். “இங்கன நான் ஒரு டேப்ரிக்கார்டர்ண்ணே” என்று சிரிப்பாள். மத்தியானம் பிள்ளைகளே வெள்ளைக் குல்லா மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறுவார்கள். டீச்சரும் வகுப்பிலேயே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சூப்பில் என்ன கிடக்கிறதோ என்று இவள் எலுமிச்சஞ்சோறு கொண்டுபோவாள். ஒரு பையன் தினமும் வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, மஞ்சளாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் கைதட்டிவிட்டுப் போவானாம். கூட்டிப் பெருக்கத் தனியாக ஆள் கிடையாது. சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் ஈரத்துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குனிந்தபடியே ஓடுவார்கள். இவளும் ஓடியிருக்கிறாள். “எம்மே படிச்சிட்டு தரை தொடைக்கவா அவ்வளவு தூரம் போனா?” என்று அம்மா மூன்று நாள் புலம்பினாள்.

எனக்குப் புலம்ப வேறு விஷயங்கள் இருந்தன. பனியில் சைக்கிள் சறுக்கிவிட்டால்? தனி ரூமில் காய்ச்சல் வந்தால்? பூமி ஆடினால்? கேட்டால், “பெஞ்சுக்கு அடியில போயிரணும், அம்புட்டுதான். நீ பயப்படுததுக்கு ஒரு ஜப்பான் பத்தாதுண்ணே” என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு உள்ள மொத்தப் பயத்தையும் நான் ஒருத்தனே வாங்கிக்கொண்டேன்போல.

அன்றைக்கு அவள் போனை எடுக்கவில்லை. வகுப்பு நேரத்தில் போன் ஆபீஸ் ரூம் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் என்று அவள் பல தடவை சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் இருபத்தெட்டுத் தடவை அடித்தேன். பிறகு பர்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன். பள்ளிக்கூட நம்பரை எழுதி, அவசரத்துக்கு மட்டும் என்று கீழே கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் பேச வரும்.

“இது அவசரமாலே? ஆடுனது வடக்க எங்கயோன்னுல்லா போடுதான். அவ இருக்கது வேற பக்கம்.”

“நீங்க அடிங்க அண்ணாச்சி.”

அடித்தார். அந்தப் பக்கம் எடுத்தவருக்கு அண்ணாச்சியின் இங்கிலீஷ் பிடிபட்டதோ என்னவோ, இவள் பேரும் இந்தியா என்பதும் புரிந்திருக்கிறது. வகுப்பு நடக்கும்போது வீட்டிலிருந்து பள்ளிக்கு யாரும் போன் செய்கிற வழக்கம் அங்கே இல்லை. செய்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. துணைத் தலைமையாசிரியரே எழுந்துபோய் வகுப்பு வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

போனில் அவள் மூச்சு முதலில் கேட்டது. பிறகு, “எல்லாரும் இருக்கீங்களா?” என்றாள்.

“இங்கன எல்லாரும் நல்லா இருக்கோம்ட்டி. நீ எப்படி இருக்க? அங்க ஆடுச்சா?”

“இங்க ஒண்ணுமில்ல. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு. வைக்கேன்” என்றாள்.

நான் நிம்மதியாக அடுப்பைப் பற்ற வைத்தேன். எட்டாம் வகுப்பில் என்னையும் ஒருநாள் தலைமையாசிரியர் வாசலில் வந்துதான் கூப்பிட்டார். சுரண்டை மார்க்கெட்டுக்குக் காய் எடுக்கப் போன அப்பா லாரியில் அடிபட்டுக் கிடந்தார். என் படிப்பு அன்றோடு நின்றது. அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்த நானே அவளை அப்படிக் கூப்பிட வைத்தேன். அன்றைக்கு இது என் புத்தியில் ஏறவேயில்லை.

பங்குனி முடிவில் அவள் ஊருக்கு வந்துவிட்டாள். “ஒப்பந்தம் முடிஞ்சிட்டுண்ணே” என்றாள். அவளோடு போன மற்றவர்களுக்கெல்லாம் இன்னொரு வருஷம் நீட்டித்திருந்தார்கள். என் போனால்தான் அவள் வேலை போனது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். “என்னன்னுலே எழுத? அண்ணன் பயந்தாங்கொள்ளி, தங்கச்சிய மன்னிச்சிருங்கன்னா?” என்று விரட்டிவிட்டார். தங்கச்சியிடமே கேட்டேன். “அதனால இல்லண்ணே” என்று மட்டும் சொன்னாள். அதை நான் நம்பவில்லை. தென்காசியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தாள். வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொல்வது நின்றுபோயிற்று.

போன ஐப்பசியில் ஒருநாள் ஐந்தருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. போலீஸ்காரர்கள் குளித்துக்கொண்டிருந்தவர்களை மேலே ஏற்றினார்கள். கரண்ட் இல்லை, போனில் டவரும் இல்லை. எங்கள் கடை மேட்டில் இருப்பதால் ஒன்றும் ஆகவில்லை. பதினோரு மணி இருக்கும், ஒரு ஆட்டோ வந்து நின்றது. தங்கச்சி இறங்கினாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனா மூடிகூட இல்லாமல் கையில் இருந்தது.

“ஏட்டி, வகுப்ப விட்டுட்டா வந்த?”

“எத்தன தடவ அடிக்கது? ஏன் எடுக்கல?”

“டவர் இல்லட்டி.”

“உங்க அண்ணன வெள்ளம் கொண்டு போவாது தாயி. இவன் பயப்படுதத பாத்தா வெள்ளமே ஒதுங்கிப் போயிரும்” என்றார் அண்ணாச்சி. என் மனைவி சிரித்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை. எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தாள். எங்களை ஒவ்வொருவராக எண்ணுவதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. எங்கள் வீட்டில் நான்தான் அப்படிப் பார்ப்பவன்.

அண்ணாச்சி போன பிறகு அவளாகவே சொன்னாள்.

“ஜப்பான்ல அவங்க இருக்கத்தான் சொன்னாங்கண்ணே. ஒப்பந்தப் பேப்பர்கூட குடுத்தாங்க. நாந்தான் கையெழுத்துப் போடல.”

“ஏன்ட்டி?”

“நீ போன் அடிச்ச அன்னைக்கு அந்த சார் வந்து கூப்பிட்டாருல்லா. எதுவும் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டு முன்னால நடந்தாரு. மொதல்ல அம்மான்னு நெனச்சேன். பொறவு மதினி. பொறவு நீ. ஆபீசு வாசலுக்குப் போகுததுக்குள்ள ஒவ்வொருத்தருக்கா காரியம் முடிச்சிட்டேன். நீ பேசுன பொறவும் அது எனக்குள்ளயிருந்து போகல. பிள்ளைங்க ஆப்பிள்னு கத்தும், நான் கதவத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். எத்தன நாளு அப்படி நிக்க முடியும்?”

அவள் வேலையைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை நாளும் அழுதிருந்தேன். வேலை எங்கும் போகவில்லை. அது அவளுக்காக அங்கேயே காத்திருந்திருக்கிறது. பயப்படத் தெரியாமல் இருந்த பிள்ளைக்கு நான்தான் பயத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மழை விட்டதும் பைக்கில் கூட்டிப்போய் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். “கடையில டவர் கெடைக்காது. பாதி வழியில நின்னு ஒரு போன் அடிண்ணே” என்றாள். மேலகரம் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இந்நேரம் வகுப்புக்குள் போயிருப்பாள். எடுக்கமாட்டாள், எடுக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அடித்தேன். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

“சொல்லுண்ணே.”

சொல்ல ஒன்றும் இல்லை. “இங்கனதான் நிக்கேன்ட்டி” என்றேன்.