சம்பந்தம் வைத்திருந்த தீர்ப்பு நகல்

1971-இல் அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வான வில்பிரட்டுக்கு ஒரு படிவம் வந்தது. ‘எந்த நீதிமன்றத்திலாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டான்.

“இல்லைன்னு எழுதுங்க. எட்டு வருஷத்துக்கு முந்தின கதை யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் மனைவி யூனிஸ்.

“போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரியும்” என்றவன், ‘ஆம்’ என்றே எழுதி அனுப்பினான்.

1963-இல் அவனுக்கு இருபது வயது. தாம்பரம் ஸ்டேஷனருகே சைக்கிள் ஸ்டாண்டு நடத்திய சம்பந்தத்தோடு, தன் சைக்கிளிலிருந்து காணாமல் போன விளக்கு டைனமோவுக்காகச் சண்டை. வாய்ப்பேச்சு முற்றி, காற்றடிக்கும் பம்பை எடுத்து அவர் தலையில் அடித்துவிட்டான். ஆறு தையல். வயதைப் பார்த்த மாஜிஸ்திரேட், ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வில்பிரட் யார்மேலும் கை வைத்ததில்லை.

ஆனாலும் இப்போது கிடைத்த வேலை நின்றுபோனது. போலீஸ் அறிக்கையில் ஒரே வரி: ‘அடிதடி வழக்கில் தண்டனை பெற்றவர்.’

சேலையூர் வக்கீல் வேதசிரோமணி கதையைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “உனக்குத் தண்டனையே கொடுக்கலையேப்பா! நன்னடத்தைச் சட்டத்துல விட்டிருந்தா, அதைக் காட்டி உன்னைத் தகுதியில்லாதவன்னு சொல்லக்கூடாது. தீர்ப்பு நகலைக் கொண்டா.”

நகலை அவன் தீர்ப்பு வந்த அன்றைக்கே அடுப்பில் போட்டிருந்தான். கோர்ட்டில் கேட்டால், பழைய சிறு வழக்குக் கட்டுகளை விதிப்படி அழித்தாயிற்று என்றார்கள். தொலைய வேண்டுமென்று அவன் வேண்டிக்கொண்ட காகிதம் நிஜமாகவே தொலைந்துபோயிருந்தது. பழி மட்டும் அப்படியே இருந்தது.

“புகார் கொடுத்தவர் ஒரு நகல் வாங்கியிருக்கலாம்” என்றார் வக்கீல்.

அந்த ஸ்டாண்டுக்குப் பயந்தே இத்தனை வருஷமும் சுற்றுவழியில் ரயிலுக்குப் போய்வந்தவன், மறுநாள் காலை நேரே அங்கே போய் நின்றான். சம்பந்தம் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னா, மிச்சத்த அடிக்க வந்தியா?”

“இல்லண்ணா. மன்னிப்புக் கேக்கணும். ஒரு உதவியும் வேணும். ரெண்டையும் சேத்துக் கேக்க வெக்கமா இருக்கு.”

“இத்தினி வருசமா கேக்கத் தோணலியா?”

“தோணிச்சு. தைரியம் வரல.”

சைக்கிள் விட வந்த ஒருவருக்குச் சம்பந்தம் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். பிறகு, விஷயம் முழுவதையும் கேட்டார்.

“உன்ன உள்ள போடலியேன்னு எனக்கு அப்ப வெறி. அப்பீல் பண்ணலாம்னு நகல் வாங்கிகினு வந்தேன். எங்க வூட்ல வேணான்னுட்டாங்க. டிரங்குப் பொட்டியில கீது. நாளைக்கி வா.”

மறுநாள் நகலைக் கொடுத்ததோடு, வக்கீல் வீட்டுக்கும் கூடவே வந்து, இவன்மேல் தனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லையென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் குடித்த காபித் தம்ளரை வில்பிரட் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தான்.

மனுமேல் மனுவாக ஏழு மாதம் இழுத்தது. 1972 ஜூனில் வேலையில் சேர்ந்தான்.

1975-இல் பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு. போலீஸ்காரர் வில்பிரட் வீட்டுக் கதவைத் தட்டினார்; பழைய பதிவேட்டில் பெயர் இருக்கிறதாம். வேலை உத்தரவையும் தீர்ப்பு நகலையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான்.

“பேரை அடிச்சிட முடியாதா சார்?”

“முடியாதுங்க” என்ற இன்ஸ்பெக்டர், காகிதங்களைப் படித்துவிட்டு, அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘இனி விசாரிக்கத் தேவையில்லை’ என்று எழுதித் தேதியிட்டார்.

“பேரை எடுத்துட்டாங்களா?” என்று வாசலிலேயே கேட்டாள் யூனிஸ்.

“எடுக்கல. பக்கத்துல எழுதிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதே என்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். அதன்பின் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.