ஒரு போர்வைக்குள்ள மூண்டு தலை

இண்டைக்கு ஆசுப்பத்திரி வாட் வாசலுக்கு வெளியில நிண்டு அழுதனான்.

(மாஸ்க் போட்டுக்கொண்டு அழுது பாருங்கோ, மூச்சு விடவே ஏலாது!)

உள்ளுக்க அம்மா. ஒக்சிஜன் வைச்சிருக்கு.

விசயம் இதுதான். போன கிழமை என்ர மனுசனுக்குக் காய்ச்சல், இருமல். டொக்டர் பாத்திட்டு, "இது சும்மா தடிமன் இல்லை, இன்ஃபுளுவென்சா. வீட்டில ஆஸ்மா, முட்டு வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" எண்டு கேட்டார்.

"ஓம் டொக்டர், என்ர அம்மா."

"அப்ப அவவை இவருக்குக் கிட்ட விடாதேங்கோ. நெஞ்சில இறங்கிச்சுதெண்டால் பெரிய கரைச்சல்."

சொன்னதெல்லாம் செய்தனான்! இவருக்குத் தனி அறை, தனிக் கோப்பை. யன்னல் எல்லாம் திறந்து விட்டனான். சாப்பாடு கதவடியில.

"என்னப்பா, நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்கிறீர்" எண்டு உள்ளுக்க இருந்து பகிடி வேற.

பேந்து ஒருநாள் மருந்து வாங்க டவுனுக்குப் போட்டு வாறன்...

ஹோல் நடுவில பெரிய போர்வை ஒண்டு. அதுக்குள்ள இருந்து புகை!

இழுத்துப் பாத்தால் நடுவில இவர். ஒரு பக்கம் அம்மா. மற்றப் பக்கம், கிளிவெட்டியில இருந்து நொச்சி இலையோட வந்த சித்தி.

ஒரே பானை. மூண்டு பேரும் ஆவி பிடிக்கினம்!

"ஐயோ அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"சத்தம் போடாத பிள்ளை. இவ்வளவு நல்ல ஆவி, ஒராளோட வீணாப் போறதே? நாங்களும் பிடிச்சால் எங்களுக்கு வராதுதானே. பாவம், மருமகனும் எத்தினை நாளைக்குத் தனியக் கிடக்கிறது?"

இவர் வேர்த்துப்போய் இருந்துகொண்டு, "மாமி கூப்பிட்டா, மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு" எண்டார்.

சொல்லிப்போட்டு அதிலயே இருமினார்.

அந்த நேரம் எனக்குச் சிரிப்பும் வந்தது. அதை நினைக்கத்தான் இப்ப தாங்க ஏலாமல் கிடக்கு.

இவர் சுகமாகி வேலைக்கும் போட்டார். சித்திக்கு ஒண்டுமில்லை (அவ கல்லுக் கணக்கா இருக்கிறா!). அம்மாவுக்குத்தான் மூச்சு இழுக்கத் தொடங்கினது. இப்ப டொக்டர்மார் உறுதியா ஒண்டும் சொல்லினமில்லை. "பாப்பம்" எண்டு மட்டும்தான்.

காலமையில இருந்து எனக்கும் காய்ச்சல், இருமல்.

அதால நான் உள்ளுக்குப் போகேல்லை. அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலுகளிலயும் மூச்சு வாங்கிற சனம்தானே. என்னால இன்னொரு வீட்டு அம்மாவுக்கும் இது வேணாம்.

பாக்கிற நேரம் சித்தி போனா. மச்சாள் போனா. முன் வீட்டு அக்காவும் தோடம்பழத்தோட போனா.

சித்தி போனை அம்மான்ர காதில வைச்சுக் குடுத்தா. நான் வெளியில, சுவரோட சாஞ்சுகொண்டு நிக்கிறன்.

அம்மா மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டா:

"எல்லாரும் வந்தினம். நீ ஏன் பிள்ளை என்னைப் பாக்க வரேல்லை?"

எனக்கும் காய்ச்சல் எண்டு சொன்னால், அந்தப் போர்வையை நினைச்சு அழுது இருக்கிற மூச்சையும் விட்டிடுவா. நான் என்ன மறுமொழி சொல்லுறது? ஆராவது சொல்லுங்கோ.